ஒன்ராறியோக் குன்றில் ஒரு பழைய உழவு இயந்திரம்

கனடா நாட்டுக்குச் சென்று திரும்பும் நம்மவர் பெரும்பாலும் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றியும் ரொறன்ரோ நகரின் வானளாவிய கட்டடங்களைப் பற்றியுமே பேசுவர். நாமும் அவற்றைக் கண்டோம், வியந்தோம். ஆயினும் 2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அந்நாட்டிற் கழித்த மூன்று வாரங்களை நினைக்குந்தோறும் நம் மனக்கண்ணில் முதலில் வந்து நிற்பது ஒரு மரக் கொட்டகை. அதனுள்ளே, நிறம் மங்கிய ஒரு சிறிய தோட்ட உழவு இயந்திரம். அதன் கதையையே இங்கு வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

எமது தமக்கையார் ஸ்காபறோவில் வசிக்கின்றார். கடைப் பலகைகளில் தமிழெழுத்தும், தெருவிலே யாழ்ப்பாணப் பேச்சும் நிறைந்த இடம் அது. அவருடைய மகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் நகரத்தை விட்டு வடக்கே, அக்ஸ்பிறிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அண்மையில் வீடு வாங்கிக் குடியேறினார். ஒக்டோபர் மாதத்து இரண்டாந் திங்கட்கிழமை அங்கு நன்றி தெரிவிக்கும் நாள்; விடுமுறை. அதனையொட்டி, "மாமா, நாலு நாள் எங்களுடன் வந்து நில்லுங்கள்" என்று மருமகன் வற்புறுத்தி அழைத்துச் சென்றார்.

மார்க்கம், ஸ்ரூவ்வில், குட்வூட் ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணம். நகரம் முடிந்ததும் தரை மெல்ல மெல்ல உயரத் தொடங்குகின்றது. வட்டவட்டமான குன்றுகள், அவற்றிடையே பள்ளங்கள், எங்கும் செம்மையும் பொன்மையுமாய் மேப்பிள் மரங்கள். பனிக்கட்டியாறுகள் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்னர் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற மணலும் பரலுமே இக்குன்றுகளாயின. ஓக் றிட்ஜஸ் மொறேய்ன் என்று வழங்கும் இம்மேடு கிழக்கு மேற்காக ஏறக்குறைய 160 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. ரொறன்ரோ நகரினூடே ஓடி ஒன்ராறியோ வாவியை அடையும் ஆறுகள் பல இங்குதான் ஊற்றெடுக்கின்றன. மேடு பள்ளமே காணாத வலிகாமத்துச் செம்மண்ணில் வளர்ந்த நமக்கு, ஒவ்வொரு திருப்பமும் ஒரு புதிய காட்சியாயிருந்தது.

ஒரு பாதை, மூன்று வீடுகள்

மருமகனின் வீடு ஒரு குன்றின் சரிவில் உள்ளது. பெருந்தெருவிலிருந்து பரல் பரவிய ஒடுங்கிய பாதையொன்று மேலேறிச் செல்கின்றது. அதில் மூன்றே வீடுகள். அடிவாரத்தில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவரொருவர் தனியே வாழ்கின்றார், நடுவில் மருமகன், உச்சியில் ஒரு முதிய அம்மையார். சிறுநீரகம் பழுதுபட்டமையால், வாரத்தில் மூன்று தினங்கள் வைத்தியசாலைக்குச் சென்று குருதியைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டியவர் அவர். விடியுமுன் ஐந்தரை மணிக்கு அவரை ஏற்றிச் செல்ல வாகனம் வரும்.

பனிக்காலத்தில் பெருந்தெருவின் பனியை ஊர்ச்சபையின் வண்டிகள் வழித்துத் தள்ளும். தனியார் பாதையோ அங்கு குடியிருப்போரின் பொறுப்பு. கூலிக்கு வழிக்கும் வண்டிக்காரர் பெரிய வளவுகளை முடித்துக்கொண்டு வருவதற்குள் பொழுது ஏறிவிடும். மருமகனுக்கோ பெரும்பாலும் இரவு வேலை. ஆகவே, பல ஆண்டுகளாகப் பெரியவரே தமது தோட்ட உழவு இயந்திரத்தின் முன்னே இரும்புத் தகடொன்றைப் பூட்டி, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, மூன்று வீடுகளுக்குமாகப் பாதையை வழித்து வந்திருக்கின்றார். கூலி பெறுவதில்லை.

நாம் சென்றிருந்த வேளையில் அந்த ஏற்பாடு முறிந்துபோகும் நிலையில் இருந்தது. இயந்திரம் சமதரையில் ஓடிற்று, மேடேற மறுத்தது. எஞ்சின் இரையும், வண்டி நகராது. பெரியவர் அதனைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தார். அம்மையாரிடமும் பனி விழுமுன் நகரத்தில் ஓர் அறை பார்த்துக்கொள்ளுமாறு சொல்லிவிட்டாராம். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விட்டுச் செல்ல அவ்வம்மையார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, உள்ளேயுள்ள டிபறன்சியல் தேய்ந்துவிட்டது என்கிறார். அதற்குரிய உதிரிப்பாகம் இப்பொழுது கிடைப்பது அரிதாம். நீங்கள் பௌதிகவியல் படிப்பிக்கிறவர்தானே? ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார் மருமகன். கரும்பலகையிற் பற்சில்லு வரைவது வேறு. கிறீஸ் படிந்த பற்சில்லைத் திருத்துவது வேறு என்று சொல்லிப் பார்த்தோம். அவர் விடவில்லை.

சில்லுகளிரண்டும் அவற்றின் பங்கும்

டிபறன்சியல் என்பது யாது? மாணவ வாசகர்களின் பொருட்டுச் சிறிது விளக்குவோம்.

நம்மூர் மாட்டுவண்டியின் சில்லுகள் அச்சிலே தனித்தனியாகச் சுழல்வன. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரம் ஓடும்; உட்புறச் சில்லு குறைந்த தூரம் ஓடும். இழுப்பது மாடாகையால் இதில் இடையூறில்லை. எஞ்சின் பூட்டிய வாகனத்திலோ சில்லுகளே தரையை உதைத்துத் தள்ள வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் வளைவில் ஒன்று தரையைத் தேய்த்தே செல்லும். இரண்டையும் தள்ளவும் வேண்டும், வெவ்வேறு வேகத்திற் சுழலவும் விட வேண்டும். இதற்கெனப் பிரான்சு தேசத்து ஒனெசிபோர் பெக்கேர் என்பவர் நீராவி வண்டியொன்றிற்குப் பற்சில்லுத் தொகுதியொன்றை அமைத்து 1827 இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மோட்டார் வாகனங்களில் உள்ளதும் அதன் வழிவந்ததே.

இத்தொகுதிக்கு ஒரு குறை உண்டு. அது இரு சில்லுகளுக்கும் எப்பொழுதும் சமமான திருப்பத்தையே பங்கிடும். ஒரு சில்லு பனிக்கட்டியில் நின்று வழுக்குமாயின், அது ஏற்கும் சொற்பத் திருப்பமே மற்றச் சில்லுக்கும் கிட்டும். உறுதியான தரையில் நிற்கும் சில்லு வலுவிருந்தும் வாளாவிருக்க, வழுக்கும் சில்லு வீணே சுழலும்.

வன்னியில் வயலுழும் உழவு இயந்திரங்கள் பலவற்றில், சேற்றிற் புதையும்போது சாரதி காலால் அழுத்தும் மிதியொன்று உண்டு. அது இரு அச்சுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். திரும்பும்போது விட்டுவிட வேண்டும். இதற்கும் சாதாரணத் தொகுதிக்கும் நடுவழியாக அமைந்ததே மட்டுப்படுத்திய வழுக்கலுடைய டிபறன்சியல். அதனுள்ளே வில்லுகளால் அழுத்தப்பட்ட தட்டுகளோ கூம்புகளோ உராய்ந்து நின்று, ஒரு சில்லு மாத்திரம் தன்னிச்சையாகச் சுழல்வதைத் தடுக்கும். வளைவில் திரும்புவதற்கு வேண்டிய அளவு விட்டுக்கொடுக்கும். அமெரிக்காவில் 1956 இல் பக்கார்ட் கார்களில் இது விற்பனைக்கு வந்தது. 1960 களில் தோட்ட உழவு இயந்திரங்கள் சிலவற்றிலும் இடம்பெற்றது.

தோட்ட உழவு இயந்திரமென்பது இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் வட அமெரிக்காவிற் பெருகிய ஒன்று. ஓரிரு ஏக்கர் வளவுடையோர் புல் வெட்டவும், தோட்டம் உழவும், பனி தள்ளவும் உதவும் சிறிய வண்டி அது. இந்தியானா மாநிலத்துச் சவுத் பென்ட் நகரில் எல்மர் பொண்ட் என்பவரும் அவர் மகன் செசில் பொண்டும் 1946 இல் தொடங்கிய தொழிலகம் இவ்வகையிற் பேர்பெற்றது. வீல் ஹோர்ஸ் என்று தம் வண்டிக்குப் பெயரிட்டனர். பல குதிரைகள் பூட்டிய வண்டியில் சில்லுக்கு மிக அண்மையில் நின்று பாரந் தாங்கும் குதிரைக்கு அப்பெயர். 1974 இலும் 1986 இலும் அந்நிறுவனம் கைமாறியது. எனினும் அக்காலத்து இயந்திரங்களைப் பேணி ஓட்டுவோர் அந்நாடுகளில் இன்றும் பலருளர்.

கொட்டகையில் ஒரு சோதனை

மறுநாட் காலையிற் பெரியவரின் கொட்டகைக்குச் சென்றோம். முழங்காலிற் சத்திரசிகிச்சை செய்திருந்தமையால் அவரால் குனிய முடியாது. நாற்காலியொன்றில் அமர்ந்து, செய்ய வேண்டியவற்றை ஒன்றொன்றாகச் சொன்னார். ஐம்பது ஆண்டுப் பழக்கமுள்ள வாய். பழுதான சொல்லொன்று வரவில்லை.

முதலில் எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்து அவர் தமது சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். தீப்பொறிச் செருகியின் கம்பியையும் கழற்றினோம். முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அடைகொடுத்தோம். பின்பு ஜாக்கினாற் பின்புறத்தை உயர்த்தி, அச்சுக் கூட்டின் இருபுறமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, இரு பின்சில்லுகளும் தரையிற் படாமல் நிற்கச் செய்தோம். ஜாக்கை மாத்திரம் நம்பி எந்த வண்டியின் கீழும் கையை நீட்டலாகாது என்று பெரியவர் மூன்று முறை சொன்னார்.

கியரைக் கீழ்நிலையிற் போட்டோம். எஞ்சின் ஓடாது நிற்பதால் டிபறன்சியலின் வெளிச்சட்டம் அசையாது பிடிக்கப்பட்டிருக்கும். இந்நிலையில் ஒரு சில்லைக் கையாற் சுழற்றினால் என்ன நிகழ வேண்டும்? சாதாரணத் தொகுதியாயின் மற்றச் சில்லு எதிர்ப்புறமாக இலகுவிற் சுழலும். மட்டுப்படுத்திய தொகுதியாயின் கையால் அசைப்பதே கடினம். நெம்புகோல் கொண்டு அசைத்தால் அப்பொழுதும் மற்றது எதிர்ப்புறமே சுழலும். தட்டுகள் தேய்ந்திருந்தால் கடினம் நீங்கி, சாதாரணத் தொகுதிபோல் ஆகிவிடும்.

மருமகன் இடப்புறச் சில்லைப் பற்றித் திருகினார். சிறிது முரண்டுபிடித்துச் சுழன்றது. "பார்த்தீர்களா? கையாலே சுழல்கிறது. தேய்ந்துதான் போயிற்று" என்றார் பெரியவர், தலையை அசைத்துக்கொண்டு.

நாம் வலப்புறச் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது அசையவில்லை.

"இன்னொரு முறை சுழற்றும், தம்பி" என்றோம். சுழற்றினார். வலப்புறச் சில்லு நின்றது நின்றபடியே நின்றது.

இது நடக்கக்கூடாத காரியம். வெளிச்சட்டம் அசையாதிருக்கையில் ஓர் அச்சு எவ்வளவு சுழல்கின்றதோ, மற்ற அச்சும் அவ்வளவு எதிர்ப்புறம் சுழன்றேயாக வேண்டும். புதிய டிபறன்சியலாயினும் தேய்ந்ததாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை. வலப்புற அச்சு அசையவில்லையாயின் இடப்புற அச்சும் அசைந்திருக்க முடியாது. அல்லது உள்ளே ஏதோ ஒன்று முற்றாக முறிந்திருக்க வேண்டும். முறிந்த பற்களின் ஓசை எதுவும் கேட்கவில்லை. ஆகவே, சுழன்றது சில்லு மாத்திரமே, அச்சு சுழலவில்லை.

இதனைச் சொன்னதும் பெரியவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். சில்லின் வெளிப்புறத்தில், பிடிப்புக்காகப் பூட்டிய கனத்த இரும்புப் பாரமொன்று அச்சின் முனையை முழுவதுமாக மறைத்திருந்தது. அதனைக் கழற்றினோம். அச்சின் முனையிலிருந்து குடத்தின்மேல் வரை வெண்கட்டியால் நேர்கோடொன்று கீறினோம். சில்லைத் திருகியதும் கோடு இரண்டாகப் பிரிந்தது. குடத்திலிருந்த பாதி சுற்றி வந்தது. அச்சிலிருந்த பாதி நின்ற இடத்திலேயே நின்றது.

அச்சையும் குடத்தையும் இணைப்பது, அரைமதி வடிவான சிறிய இரும்புத் துண்டொன்று. அச்சிலுள்ள பள்ளத்தில் அதன் அடிப்பாதி இருக்கும். மேற்பாதி குடத்தின் பள்ளத்திற் பொருந்தும். அத்துண்டு அறுந்திருந்தது. துருவும் ஒரு திருகாணியும் குடத்தை ஒருவாறு பிடித்து வைத்திருந்தமையாற் சமதரையில் வண்டி ஓடிற்று. மேட்டிலே பாரம் ஏறியதும் அச்சு குடத்தினுள் வழுகிற்று. சாரதியின் ஆசனத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கு இது டிபறன்சியலின் குறையாகவே தோன்றும்.

"குனிய முடிந்த காலத்தில் முதலில் இதைத்தான் பார்த்திருப்பேன்" என்றார் பெரியவர். பின்பு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இருபத்திரண்டு றாத்தல்

துருவை இளக்கும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் உருவியொன்றினாற் குடத்தைக் கழற்றினோம். அச்சின் பள்ளமும் குடத்தின் பள்ளமும் சிதையாதிருந்தது நற்பேறு. சிதைந்திருந்தாற் புதிய துண்டும் நில்லாது. அக்ஸ்பிறிட்ஜில் உள்ள கடையொன்றில் அதே அளவான துண்டு சில டொலருக்குக் கிடைத்தது. அதனை இட்டுக் குடத்தைப் பூட்டித் திருகாணியை இறுக்கினோம்.

டிபறன்சியல் உண்மையில் நன்னிலையில் உள்ளதா என்பதை இனித்தான் அறிய வேண்டும். சில்லு இப்பொழுது கைக்கு அசையவில்லை. சில்லாணிகளில் நீண்ட இரும்புச் சலாகையொன்றைப் பூட்டி, அதன் பாரம் கணக்கிற் சேராதிருக்க நிமிர்த்தி வைத்தோம். சில்லின் மையத்திலிருந்து இரண்டடி உயரத்தில் வில்லுத் தராசொன்றைக் கொளுவி, கிடையாக மெல்ல இழுத்தோம். தராசு இருபத்திரண்டு றாத்தல் காட்டியபோது சில்லு அசைந்தது. அதே கணத்தில் வலப்புறச் சில்லு எதிர்ப்புறமாக அசைந்தது. இரண்டடியை இருபத்திரண்டாற் பெருக்க, நாற்பத்து நான்கு றாத்தலடித் திருப்பம். பெரியவர் தமது பழைய கைநூலைப் பிரித்து விரலால் வரியைத் தடவிப் பார்த்தார். புதிதில் இருந்ததிலும் சற்றே குறைவு; ஆயினும் போதுமானது. இவ்வளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்க.

இந்த நாற்பத்து நான்கின் பயனை ஒரு கணக்கினாற் காட்டுவோம். பனிக்கட்டியில் நிற்கும் சில்லு பத்து றாத்தலடித் திருப்பத்தையே ஏற்கும் என வைத்துக்கொள்வோம். சாதாரணத் தொகுதியில் மற்றச் சில்லுக்கும் பத்தே. இரண்டும் சேர்ந்து இருபது. மட்டுப்படுத்திய தொகுதியில், உறுதியான தரையில் நிற்கும் சில்லு பத்துடன் நாற்பத்து நான்கும் சேர்ந்து ஐம்பத்து நான்கைப் பெறும். மொத்தம் அறுபத்து நான்கு. மும்மடங்குக்கும் அதிகம். மேடேறுவதற்கும் பாதிவழியில் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

மாலையில் மருமகன் இயந்திரத்தில் ஏறினார். மேடு ஏறும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். இத்தகைய பழைய வண்டிகளிற் கவிழ்ந்தாற் காக்கும் சட்டம் இல்லை. குறுக்குச் சரிவில் ஓட்டலாகாது. ஏறுகையில் இணைப்பை மெதுவாகவே பூட்ட வேண்டும். இயந்திரம் பரற் பாதையில் உச்சிவரை ஏறிற்று. ஒலியைக் கேட்டு அம்மையார் கதவைத் திறந்துகொண்டு வாயிலில் வந்து நின்றார். கையில் மடித்த துணியொன்று இருந்தது; பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்திருக்கின்றார் போலும். வண்டியையும் மருமகனையும் மாறிமாறிப் பார்த்தார். பின்பு துணியுடன் உள்ளே சென்று, தேநீருக்கு நீர் வைத்தார்.

அன்று அங்கே ஓர் உடன்படிக்கை ஆயிற்று. வாரத்தில் மூன்று தினங்களும் மருமகன் வேலை முடிந்து விடியுமுன் வந்து பாதையை வழிப்பது. பெரியவர் இயந்திரத்தைப் பராமரிப்பது. குனிய வேண்டியவிடத்து மருமகன் குனிவது.

மார்கழி மாதத்தில் ஒருநாள் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். முந்திய இரவு முழங்காலளவு பனி கொட்டியதாம். "ஐந்தரைக்கு வண்டி மேலே போய், அம்மையாரை ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டது, மாமா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அறுந்த துண்டின் ஒரு பாதியைப் பெரியவர் நமக்குத் தந்திருந்தார். அது இப்பொழுது எமது கல்லூரி ஆய்வுகூடத்து மேசையில் இருக்கின்றது. விரல் நகத்திலும் சிறிது பெரிது. திருப்பம் பற்றிய பாடம் வரும்போது அதனை மாணவர் கையிற் கொடுத்து, கொட்டகையில் நாம் கண்டதைச் சொல்லி, "பழுது எங்கே?" என்று கேட்பது வழக்கம். பெரும்பாலோர் டிபறன்சியல் என்றே விடை சொல்வர். சென்ற தவணையில் பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "மற்றச் சில்லு அசைந்ததா, சேர்?" என்று கேட்டான். அவன் தந்தையார் வண்டிக்காரர். கடையாணி கழன்ற வண்டியை அவன் கண்டிருக்கின்றான்.